கரியும் கடனும்

கோலாலம்பூரில் 1881-ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் பேரழிவை விளைத்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்த வீடுகளுக்கு மாற்றாகச் செங்கற் கட்டடங்கள் எழவேண்டும் என்று ஆங்கில ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் விதித்தார். அக்கட்டடங்களுக்கான செங்கற் சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. அந்நகருக்கு வடமேற்கே, ரவாங்கை அடுத்துப் பத்து ஆராங் என்னும் சிற்றூர் உள்ளது. மலாய் மொழியில் அப்பெயருக்கு நிலக்கரி என்பதே பொருள். ஓரிடத்திற்குச் செங்கல் பெயர் தந்தது. மற்றோரிடத்திற்குக் கரி பெயர் தந்தது. செங்கல் சுட்டவனும் கரி வெட்டியவனும் எவ்விடத்தின் பெயரிலும் இல்லை.

பத்து ஆராங்கில் 1915-ஆம் ஆண்டு மலாயன் கோலியரீஸ் நிறுவனம் கரி வெட்டத் தொடங்கியது. அதனை நிறுவியவர் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்பதை வரலாறு பதிந்து வைத்துள்ளது. சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் அங்கே உழைத்தனர். சிலர் திறந்த குழிகளில் வெட்டினர். சிலர் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கினர். அவர்கள் வெட்டிய கரியால் மலாயாவின் புகைவண்டிகள் ஓடின. பங்சார் மின்நிலையத்தின் உலைகள் எரிந்தன. பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த தமிழ் இரயில்வே ஊழியர்களின் பிழைப்பும் ஒரு வகையில் அந்தக் கரியைச் சார்ந்தே இருந்தது. பின்னர் எண்ணெய் வந்து கரியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1960-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே பழைய புகைபோக்கிகள் நிற்கின்றன. செங்கற் சூளைகளின் சிதைவுகளில் செடிகள் வேர்விட்டிருக்கின்றன. கரி வெட்டிய குழிகளில் நீர் தேங்கி ஏரியாகியுள்ளது.

இந்த இடிபாடுகளின் முன் நிற்கும் ஒருவனுக்கு ஒரு வினா எழும். பெயரறியாத அந்த உழைப்பாளிகளுக்குப் பின்வந்தோர் ஏதேனும் கடன்பட்டிருக்கின்றனரா? இல்லை என்று சொல்வாரும் உண்டு. உழைத்தவன் கூலி பெற்றான். பயணம் செய்தவன் கட்டணம் கொடுத்தான். விளக்கேற்றியவன் அதற்குரிய பணம் செலுத்தினான். கணக்குத் தீர்ந்தபின் கடன் எங்கே என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அன்றாட வாழ்வு இத்தகைய கணக்குகளின் மீதே நடைபெறுகிறது.

ஆயினும் அந்தக் கணக்கு உண்மையிலேயே தீர்ந்ததா? 1936-ஆம் ஆண்டு நவம்பரிலும் 1937-ஆம் ஆண்டு மார்ச்சிலும் பத்து ஆராங் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாம் முறை அவர்கள் சுரங்கத்தையே தம் வசப்படுத்தினர். ஆட்சியினர் காவற்படையை ஏவி அதனை மீட்டனர். கூலியே வழக்குக்கு உட்பட்டிருந்த ஓரிடத்தில், கூலி கொடுத்ததால் கடன் தீர்ந்தது என்பது ஒரு தரப்பின் கணக்கே ஆகும்.

இனி, நியாயமான கூலியே கொடுக்கப்பட்டது என்று கொள்வோம். அப்போதும் ஒன்று எஞ்சும். விலை என்பது ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றைப் பெறத்தக்க பொருள்களுக்கே பொருந்தும். ஒரு வண்டிக் கரிக்கு மற்றொரு வண்டிக் கரி ஈடாகும். இருட்டில் கழிந்த ஒரு மனிதனின் பகற்பொழுதுக்கு வேறெது ஈடாகும்? கூலி கரியின் விலையைத் தீர்த்தது. வாழ்நாளின் விலையைத் தீர்க்கவில்லை. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில் வைத்ததும் ஈண்டு எண்ணத்தக்கது.

அவ்வாறாயின், மறைந்தவர்க்குரிய கடனை எங்கே செலுத்துவது? ஒரு கல்வெட்டு நாட்டலாம், புகைபோக்கியைப் பழுதுபார்க்கலாம். இவை வேண்டுவனவே. ஆனால் இவற்றோடு கடன் தீர்ந்தது என்று கருதுவது மீண்டும் கூலிக் கணக்கையே எழுதுவதாகும்.

கடன் செலுத்தும் இடம் வேறு. இன்று கோலாலம்பூரின் வானளாவிய கட்டடங்களை எழுப்புவோரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் உளர். கடல் கடந்து பிழைப்புத் தேடி வந்த அவர்களை, கடல் கடந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பேரன்மார் எவ்வாறு நோக்குகின்றனர்? தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் உழைத்த தம் முன்னோரை நாடு மறந்தது என்று மேடைகளில் வருந்தும் நாவே, இந்தப் புதிய கூலியாளை இகழ்ந்து பேசுவதையும் கேட்க நேர்கிறது. அந்த வருத்தம் மெய்யானதாயின் இந்த இகழ்ச்சி எப்படி வந்தது? தன் பாட்டனுக்கு மரியாதை வேண்டுபவன், தன் பாட்டனைப் போன்றவனுக்கு அதனை மறுப்பானாயின், அவன் வேண்டுவது நீதியன்று, குடிப்பெருமையே.

பள்ளி மாணவர்களைப் பத்து ஆராங்குக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், புகைபோக்கியின் உயரத்தையும் சுரங்கம் மூடிய ஆண்டையும் கூறுவார். மாணவர் குறித்துக்கொள்வர். அவர்களுள் ஒருவன், "இதைக் கட்டியவர்கள் யார், ஐயா?" என்று கேட்கக்கூடும். பெயர்ப் பட்டியல் எதுவும் ஆசிரியரிடம் இராது. ஆயினும் திரும்பும் வழியில், சாலையோரம் வெயிலில் மண் வெட்டிக்கொண்டிருக்கும் ஒருவனைச் சுட்டிக்காட்டி, "இவரைப் போன்றவர்கள்" என்று அவர் சொல்லலாம். 'இவன்' என்னாது 'இவர்' என்று சொல்வதிலிருந்தே அந்தக் கடன் தீரத் தொடங்கும்.