வீசாவும் மனச்சாட்சியும்



பிள்ளைகளில் ஒருவராவது வெளிதேசத்தில் இல்லாத வீடு நம் பங்கில் இப்போது குறைவு. பிள்ளை போனால், பின்னால் ஒரு நாள் தாயும் போகவேண்டி வருகிறது. சென்ற மாதம் ஒரு விதவைத் தாய் குருமனைக்கு வந்தார்கள். (பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதல்ல. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அமெரிக்காவிலுள்ள மகளுக்கு இரண்டாவது பேறுகாலம். ஆறு மாதமாவது கூட இருந்து பார்க்கவேண்டும். ஆனால் மருமகன் தொலைபேசியில் வேறு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "அத்தே, மூணு வாரம் ஊர் சுத்திப் பார்க்கப் போறேன், நயாகரா பார்க்கணும்னு சொல்லுங்க. பிரசவம்னு வாயே திறக்காதீங்க."

"சாமி, அந்த ஊர்ப் பேரும் வாயில நிக்கமாட்டேங்குது, பொய்யும் நிக்கமாட்டேங்குது" என்றார்கள் அந்த அம்மாள். கூடவே என்னிடமிருந்து ஒரு கடிதமும் வேண்டுமாம். பங்கின் தையல் வகுப்பை அவர்களே நடத்துகிறார்கள், ஆகையால் திரும்பி வந்தே தீரவேண்டும் என்று எழுதித் தரவேண்டும். அந்த வகுப்பு மூடிப் பல வருடமாகிறது. மிச்சமிருக்கும் ஒரு தையல் இயந்திரத்தின்மேல் நான் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

இது பாவமா, அல்லது எல்லோரும் செய்கிற ஒரு சடங்கா? கேட்டால் பலர் சிரிக்கிறார்கள். "பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவளை ஏன் என்று கேட்க அவன் யார்?" என்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அர்ச். சூசையப்பர் எஜிப்துக்கு வீசா வாங்கியா போனார் என்று என்னையே மடக்குகிறார்கள். அவர் குழந்தையின் உயிரைக் காப்பாற்ற ஓடினவர். அவரை நம் பிரயாணத்துக்குச் சாட்சியாக இழுப்பது சரியல்ல.

இருந்தாலும் அவர்கள் மனக்குறையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் 1952-ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டம், பார்வையாளராக வர விண்ணப்பிக்கிறவரை, அவர் வேறுவிதமாக ரூபிக்கும்வரை, அங்கேயே தங்கிவிட வருகிறவராகவே எண்ணச் சொல்கிறது. திரும்பி வருவேன் என்பதை வந்து காட்டுவதற்கு முன்னாலேயே ரூபிக்கவேண்டும். கண்ணாடிக்கு இப்புறம் நின்றுகொண்டு இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒரு கிழவி இதை எப்படி ரூபிப்பாள்? அதே 1952-ல்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களைப்பற்றி விரிவான சாசனம் ஒன்றை வெளியிட்டார். 1992-ல் வந்த திருச்சபையின் ஞானோபதேச நூல் இரு பக்கத்துக்கும் கடமை சொல்கிறது: வசதியுள்ள தேசங்கள் தம்மால் இயன்றமட்டும் அந்நியரை ஏற்கவேண்டும், வருகிறவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கவேண்டும். முதற்கடமையை அவர்கள் குறைவாய்ச் செய்கிறார்கள் என்பதால் இரண்டாவது நம்மை விட்டு நீங்குமா?

குருமடத்தில் நாங்கள் படித்த ஒரு பழைய சித்தாந்தம் உண்டு. சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுவதில்லை, பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்பது. துபாயில் தவணை மீறித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திராம் அபராதம். அதை வாடகை மாதிரிக் கணக்குப் போட்டுத் தங்குகிறவர்களுக்கு இந்தச் சித்தாந்தம் தெரியாமலே தெரிந்திருக்கிறது. ஆனால் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், நியாயமான சட்டம் மனச்சாட்சியையும் கட்டும் என்றே படிப்பித்தார். அதோடு, அபராதச் சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டாலும்கூட, அது நாள் தவறித் தங்குவதற்கு ஒருவேளை உதவும். பொய்க்கு உதவாது. கேட்க உரிமையுள்ளவன் கேட்கிறான், நாம் இல்லாததைச் சொல்கிறோம். அதற்கு அபராதம் கட்டி முடிகிற கணக்கு கிடையாது.

ஆனால் மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. கேட்காததையெல்லாம் கொட்டவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அபிரகாம் எஜிப்தின் எல்லையை நெருங்கினபோது, தன்னைச் சகோதரி என்று சொல்லும்படி சாராளிடம் கேட்டுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். அவள் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவளாகையால் அவர் உண்மையில் ஒரு பகுதியை மறைத்தாரேயொழியப் பொய் சொல்லவில்லை என்று அர்ச். அகுஸ்தீன் அவருக்காக வாதாடுகிறார். இந்தச் சமாதானம் எனக்கு முழுத் திருப்தி தந்ததில்லை. யோசனை அபிரகாமுடையது, சொல்லவேண்டிய வாய் சாராளுடையது. பரவோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டவளும் சாராளே.

நம் வீடுகளில் நடப்பதும் இதுவல்லவா? டி.எஸ். 160 என்ற விண்ணப்பத்தைப் பெரும்பாலும் பிள்ளையோ ஏஜெண்டோ நிரப்புகிறார். எழுதினதெல்லாம் உண்மை என்கிற உறுதிமொழி மட்டும் தாயின் பேரில் நிற்கிறது. அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. பொய் வெளிப்பட்டால் அந்தச் சட்டம் அவளுக்கு விதிக்கும் தடை ஆயுளுக்கும் உரியது. விலக்குக் கிடைப்பது அரிது. மருமகனுக்கு ஒன்றும் வராது. அந்த அம்மாளின் பெட்டியில் பிரசவ லேகியமும் பூண்டும் கருப்பட்டியும் இருக்கும், கைப்பையில் ஆறு மாதம் கழித்துத் திரும்பும் டிக்கெட் இருக்கும், வாயில் நயாகரா. விமான நிலையத்து அதிகாரி பெட்டியைத் திறந்தால் எதை நம்புவார்?

இத்தனைக்கும் இந்தப் பொய் அநேகமாக அவசியமே இல்லை. பார்வையாளர் வீசா நம்மவருக்கு வழக்கமாய் 10 வருடத்துக்குக் குத்தப்படுகிறது. அது 10 வருடம் தங்க அனுமதியல்ல, வாசலைத் தட்ட அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் அங்கே இறங்குமிடத்து அதிகாரி ஐ-94 என்ற பதிவில் குறிக்கிறார். வழக்கமாய்க் கிடைப்பது ஆறு மாதம். போதாவிட்டால் தவணை முடியுமுன் நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கனடாவில் பெற்றோருக்கென்றே ஒரு நீண்ட வீசா இருக்கிறது. 2022 ஜூலை முதல் ஒரே வருகையில் 5 வருடம்வரை தங்கலாம், பிள்ளையின் வருமானமும் வைத்தியக் காப்பீடும் காட்டவேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலோ 180 நாளுக்குள் 90 நாள், அவ்வளவுதான். பேறுகாலம் எந்த வாரத்தில் வரும் என்று பார்த்தே அங்கே டிக்கெட் எடுக்கவேண்டும்.

சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, மகளுக்குத் துணையிருப்பது வேறு. ஆனால் ஆயாச் செலவை மிச்சம்பிடிக்க, ஆறு மாதம் இவள் தாய், ஆறு மாதம் அவன் தாய் என்று வருடக்கணக்காய் முறைவைத்து வரவழைக்கிறவர்கள், அது எந்தப் பக்கம் சேரும் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் குற்றமற்றவன்போல் எழுதவில்லை. வேறொரு பங்கில் இருந்தபோது, ஓர் இளைஞன் எங்கள் பள்ளியில் எழுத்தராகச் சம்பளம் வாங்குகிறான் என்று கடிதம் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. குடும்பம் கடனில் இருந்தது, நல்ல பையன், ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்தேன். பார்வையாளராகப் போனவன் தவணை முடிந்தும் திரும்பவில்லை. 1996-ல் வந்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கி வெளியேறினால் 3 வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கினால் 10 வருடமும் மறுபடி நுழைய முடியாது. அவன் தாய் இறந்தபோது வந்தால் போகமுடியாது, போகாவிட்டால் கடன் அடையாது. அவளை நான்தான் அடக்கம் செய்தேன். குழியருகே அவன் தங்கை கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மண் போடுகையில் சைகை கிடைக்காமல் படம் நின்றுவிட்டது.

இந்த அம்மாளுக்கு நான் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. இவர்கள் இத்தனை வருடமாய் இந்தப் பங்கில் வசிக்கிறவர்கள், சொந்த வீடு உண்டு, இளைய மகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள், மகளின் பேறுகாலத்துக்கு ஆறு மாதம் போய்வரக் கருதுகிறார்கள். தையல் வகுப்பைப்பற்றி ஒன்றுமில்லை. மருமகன் அன்று இரவே கூப்பிட்டார். "வீசா கிடைக்காட்டி, நீங்க வந்து பிள்ளையப் பார்த்துக்குவீங்களா சாமி?" என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை. உண்மை சொன்னவர்களையும் இல்லையென்று அனுப்புவதுண்டு, கட்டின பணமும் திரும்ப வராது.

சென்னையில் நேர்காணல் அடுத்த மாதம். கடிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்த அம்மாள், பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு அந்தத் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அது நகரவில்லை. "துருப் பிடிச்சிருக்கு சாமி. வந்து எண்ணெய் போட்டுத் தாரேன்" என்றார்கள்.