கொஞ்சம் தெற்கே

புளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா விரிகுடாவை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் புயல் காலத்தில் ஒரு நாள் என்பது நான்கு வேளை. காலை 5, காலை 11, மாலை 5, இரவு 11. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் புதிய கணிப்பை வெளியிடும் நேரங்கள் இவை. மெக்சிகோ வளைகுடாவுக்குள் ஒன்று நுழைந்துவிட்டால் எங்கள் அலுவலகக் கூட்டங்கள்கூட இந்த நேரங்களுக்கு ஒதுங்கி வழிவிடும். 11 அடித்ததும் பேச்சு நின்றுவிடும். வரைபடத்தில் அந்த வெள்ளைக் கூம்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று எல்லோரும் பார்ப்போம். யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: “கொஞ்சம் தெற்கே போயிருக்கு.” கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும்.

அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தெற்கே என்றால் காலி இடம் இல்லை. சரசோட்டா, புன்டா கோர்டா, ஃபோர்ட் மையர்ஸ் என்று வரிசையாக ஊர்கள். “எங்களுக்கு வேண்டாம்” என்று புயலிடம் சொல்வது, “அவர்களுக்குப் போ” என்று சொல்வதாகுமா?

இந்த ஆசை அமெரிக்காவில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. நான் வளர்ந்தது கடலூர்ப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் டிவியில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். “ஆந்திரா பக்கம் போயிடுச்சாம்” என்றபடி அம்மா நிம்மதியாகப் போய் உலை வைப்பாள். கிருஷ்ணா மாவட்டத்திலும் ஓர் அம்மா இருப்பாள், அவள் ஒடிசா பக்கம் கைகாட்டியிருப்பாள் என்றெல்லாம் அப்போது தோன்றாது. புயல் என்பது ஊரைவிட்டு விரட்டப்பட வேண்டிய ஒன்று. எங்கே போகிறது என்பது விரட்டுகிறவரின் கவலை இல்லை.

இந்த ஆசைக்குச் சார்பாக வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, ஆசைப்பட்டால் காற்று திரும்பப் போவதில்லை, அதனால் இதில் தப்பும் இல்லை சரியும் இல்லை. இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. நான் விரும்புவது என் வீடு தப்புவதை மட்டுமே. இன்னொருவர் வீடு இடிவது அதன் பக்கவிளைவு, நான் கேட்டது அதையல்ல.

இரண்டாவது பதிலை நான் நம்ப முயன்றிருக்கிறேன். அட்லாண்டிக்கில் அது செல்லும். அங்கே புயல் வடக்கே வளைந்து, யாரையும் தொடாமல் கடலிலேயே ஓய்ந்துபோக வழி இருக்கிறது. ஆண்டுதோறும் சில புயல்கள் அப்படிப் போகவும் செய்கின்றன. அங்கே “வராதே” என்பதற்கு யாரையும் காயப்படுத்தாத ஒரு பொருள் உண்டு. மெக்சிகோ வளைகுடா அப்படி இல்லை. அது ஒரு கிண்ணம். புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, லூயிசியானா, டெக்சாஸ், மெக்சிகோ, கியூபா என்று சுற்றிலும் கரை. உள்ளே வந்த புயல் வலுவிழக்கலாம், ஆனால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு கரையில்தான் ஏறும். ஆகவே நாங்கள் “வராதே” என்று சொல்லும்போது அந்த வாக்கியத்தில் எங்கோ ஒரு ஊரின் பெயர் மறைந்திருக்கிறது. ஒரே ஆசை, கடல் மாறியதும் அதன் தரமும் மாறிவிடுகிறது. அறவியலில் நிலவியலுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2022 செப்டம்பரில் இயன் புயலின் கூம்பு சில நாட்கள் டாம்பாவின் மேல்தான் கிடந்தது. பிளைவுட் அறைந்தோம், பாத்டப்பில் தண்ணீர் பிடித்தோம், பாஸ்போர்ட்டுகளை ஜிப்லாக் கவரில் போட்டோம். பிறகு கணிப்பு தெற்கே நகர்ந்தது. செப்டம்பர் 28 அன்று ஃபோர்ட் மையர்ஸுக்கு அருகே, காயோ கோஸ்டா தீவில், மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோடு அது கரையேறியது. புளோரிடாவில் ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள்.

அன்று டாம்பாவில் நடந்ததை மறக்க முடியவில்லை. விரிகுடாவில் தண்ணீர் வற்றிவிட்டது. புயல் மையத்துக்கு வடக்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், தெற்கே கடலிலிருந்து நிலத்தை நோக்கி. அதனால் எங்கள் பக்கம் கடலைக் காலிசெய்த அதே சுழற்சி ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் வீடுகளுக்குள் கடலை ஏற்றியது. பேஷோர் சாலையின் ஓரத்தில் மக்கள் இறங்கி விரிகுடாவின் தரையில் நடந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் வந்து ஏறச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் “முருகா நன்றி”, கைகூப்பும் எமோஜிகள், யாரோ வடை சுட்ட படம். அந்தக் குழுவிலேயே ஒரு நண்பர் அதற்கு முந்தைய வருடம்தான் ஃபோர்ட் மையர்ஸுக்கு வீடு மாறியிருந்தார். இரண்டு நாள் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் “நாங்க ஓகே, வீடு போச்சு” என்று ஒரு வரி. அதற்கு நேர் மேலே அந்த வடை.

பயத்தில் வரும் ஆசையை நான் மன்னித்துவிடுவேன். கூம்புக்குள் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவரிடம் சமநோக்கை எதிர்பார்ப்பது அபத்தம். எனக்குச் சிக்கலாக இருப்பது நன்றிதான். நன்றி சொல்லும்போது புயல் எங்கே போனது என்று நமக்குத் தெரியும். “கடவுள் காப்பாத்திட்டார்” என்றால், அவர் திருப்பிவிட்டார் என்று பொருள். திருப்பியது ஃபோர்ட் மையர்ஸை நோக்கி. நம்பிக்கை இல்லாதவரின் ஆசை வெறும் ஆசை. நம்பிக்கை உள்ளவரின் வேண்டுதலோ, செய்ய வல்ல ஒருவரிடம் கொடுத்த விண்ணப்பம். முதல் பதிலில் இருந்த “ஆசைப்பட்டால் காற்று திரும்பாது” என்ற சலுகை அவருக்குக் கிடையாது.

மனிதர்களே திருப்பிப் பார்த்த கதை ஒன்றும் உண்டு. 1947 அக்டோபரில், ப்ராஜெக்ட் சிரஸ் என்ற திட்டத்தின் கீழ், அட்லாண்டிக்கில் விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு புயலுக்குள் விமானத்திலிருந்து உலர்பனியைக் கொட்டினார்கள். புயல் திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவைத் தாக்கியது. மக்கள் கொதித்துப்போய் வழக்கு போடுவோம் என்றார்கள். 1906-இல் எந்தப் பனியும் தூவாமலேயே ஒரு புயல் கிட்டத்தட்ட அதே பாதையில் வளைந்திருந்தது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் பாடம் நிலைத்தது. 1962-இல் தொடங்கிய ஸ்டார்ம்ஃப்யூரி திட்டத்தில், ஒரு நாளுக்குள் மக்கள் வாழும் கரையை நெருங்க 10 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புள்ள புயல்களை மட்டுமே தொடலாம் என்று விதி வைத்தார்கள். கையில் பனிக்கட்டி வந்ததும் மனிதர்களுக்கு வந்த அந்தத் தயக்கம், கைகூப்பும்போது வருவதில்லை.

என் தொழில் மூளை இங்கே ஒரு தீர்வு சொல்லும். சர்வர்களுக்கு முன்னால் லோட் பேலன்சர் வைப்பதுபோல, குறைந்த ஆட்கள் இருக்கும் பக்கம் திருப்பிவிடு. நடுநிலையான ஆசை இதுதானே, மொத்தச் சேதம் குறையட்டும். வரைபடத்தில் அப்படி ஓர் இடமும் இருக்கிறது. புளோரிடாவின் தோள் வளைகிற பிக் பெண்ட். சதுப்பு, பைன் காடு, சின்னச் சின்ன மீனவ ஊர்கள். 2023 ஆகஸ்டில் இடாலியா, 2024 ஆகஸ்டில் டெபி, அதே செப்டம்பரில் ஹெலீன். மூன்றும் அங்கேதான் கரையேறின. என் கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வரும், ஒவ்வொரு முறையும் அதே ஆட்களின் கூரையில் போய் முடியும். ஆள் குறைவு என்பதாலேயே எல்லா முறையும் அவர்கள்தான் என்றால், அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

கணக்கும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. ஹெலீன் எங்களைவிட்டுத் தள்ளிக் கடலிலேயே போனது, ஆனாலும் டாம்பா விரிகுடாவில் கடல் வெகுவாக ஏறியது. அதன் பிறகு கடலையே பார்க்காத வட கரோலினா மலைகளில் வெள்ளமும் மண்சரிவுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆஷ்வில் எந்த வாட்ஸாப் குழுவின் பெருமூச்சிலும் இருந்திருக்காது.

டாம்பாவை ஒரு பெரிய புயல் நேராகத் தாக்கியது கடைசியாக 1921-இல். ஏன் இத்தனை காலம் தப்பிக்கிறோம் என்பதற்கு உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள்: இந்தக் கரையில் முன்பு வாழ்ந்த டொகொபாகா பழங்குடியினரின் மேடுகள் காக்கின்றனவாம். அந்த மக்கள் ஐரோப்பியர் வந்தபின் அழிந்துபோனார்கள். அவர்களைக் காக்க யாரும் இல்லை, ஆனால் அவர்கள் எங்களைக் காக்க வேண்டும்.

தப்பித்தவர்களுக்குக் கடன் ஏதும் உண்டா? குற்ற உணர்ச்சி என்று நான் சொல்லவில்லை. யாரும் குற்றம் செய்யவில்லை. ஆனால் கிண்ணத்துக்குள் விழுந்த சீட்டு உங்கள் பெயரில் இல்லை என்றால், யாருடைய பெயரில் என்று பார்க்கும் பொறுப்பாவது உண்டு. இங்கே அதற்குச் சுவையில்லாத ஒரு வடிவமும் இருக்கிறது. மாநில அரசு அமைத்த வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் பணம் தீர்ந்துபோனால், மாநிலத்தின் மற்ற பாலிசிதாரர்களிடமும் கூடுதல் தொகை வசூலிக்கலாம். எல்லோரும் திட்டுவார்கள். எனக்கென்னவோ அந்தப் பில்தான் “முருகா நன்றி”யைவிட நேர்மையானதாகப் படுகிறது.

2024 அக்டோபர் 9 இரவு மில்ட்டன் வந்தது. மறுபடியும் கூம்பு எங்கள் மேல், மறுபடியும் கொஞ்சம் தெற்கே, சரசோட்டா அருகே சியஸ்டா கீயில் கரையேறியது. எங்களுக்கும் மழையும் காற்றும் கணிசம், பக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பேஸ்பால் மைதானத்தின் கூரையே கிழிந்தது. ஆனால் விரிகுடாவில் தண்ணீர் ஏறவில்லை, இறங்கியது. கரண்ட் போன இருட்டில் வாட்ஸாப் குழுவைப் பார்த்தேன். யாரோ “தப்பிச்சோம்” என்று போட்டிருந்தார். கீழே, ஃபோர்ட் மையர்ஸ் நண்பரின் கேள்வி: “சரசோட்டாவில் யார் யார் இருக்கீங்க? என்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு.”