பனிமூட்டமும் படகுத்துறையும்

கொடுமுடியிலிருந்து காவிரியின் மேற்குக் கரையோரமாக ஈரோடு, பவானி, அம்மாபேட்டை வழியே வடக்கு நோக்கித் தனியாக மோட்டார் சைக்கிளில் செல்பவர், நெரிஞ்சிப்பேட்டையில் கதவணையால், அதாவது மின் உற்பத்திக்கென ஆற்றின் குறுக்கே கதவுகளுடன் கட்டப்பட்ட தடுப்பணையால், தேங்கி அகன்ற நீர்ப்பரப்பையும், எதிர்க்கரையிலுள்ள சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கு ஆட்களோடு இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் விசைப்படகுகளையும் காண்கிறார். மார்கழி விடியலில் ஆற்றுநீரைவிடக் குளிர்ந்த காற்று அதன்மேல் படியும்போது, எழும் நீராவி நுண்துளிகளாக மாறி மூடுபனியாகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கண் எட்டாத நிலையையே வானிலையியல் அப்பெயரால் குறிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிறுத்த முடிகிற வேகமே பனிக்காலச் சாலையில் தகுந்த வேகமாகும். படகில் ஏறியபின் அந்தக் கணக்கும் ஓட்டுநரின் கையில் இல்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஆற்றின் போக்கும் துறையின் திசையும் அறிந்த படகோட்டியை நம்பி அவர் நிற்க வேண்டியிருக்கிறது. எவ்விடத்தில் தன் கணிப்பை நம்புவது, எவ்விடத்தில் பிறர் தேர்ச்சிக்கு வழிவிடுவது என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கே தனிப்பயணம் கைகூடுகிறது.