அந்திம காலமும் இல்லத்துக் கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள் காலை, கருடாரூடனாய் எழுந்தருளும் பேரருளாளனை ஸேவிக்கக் கச்சிமாநகரில் குழுமியிருக்கும் பாகவதர்களுக்கு அடியேனது விண்ணப்பம். உங்களிற் சிலர் கடும் நோயுற்ற ஒருவரை இல்லத்தில் விட்டு, அண்டையாரைக் காவல் வைத்து, அரை நாள் அவகாசம் பெற்று வந்திருக்கக் கூடும். வரவே இயலாதவரும் உளர். அவர்களை முன்னிட்டே இது எழுதப்படுகிறது.

தகப்பனாருக்காகத் துளஸீ தீர்த்தம் பெற வந்த பிள்ளை ஒருவர் ஸந்நிதியில் அடியேனைக் கேட்டார்: "ஸ்வாமி, அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. வலிக்கு மார்பின் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். கொடுத்தால் மயங்கிவிடுவாரே, கடைசியில் நாராயண நாமம் சொல்ல வேண்டாமா?" தகப்பனார் இரவெல்லாம் கதறுகிறாராம். மருந்தோ அலமாரியில் இருக்கிறதாம்.

அப்பிள்ளையின் பக்தியைக் குறை கூறலாகாது. கீதையின் எட்டாம் அத்யாயத்தில் அந்திம ஸ்மரணத்தின் மேன்மையைக் கண்ணனே அருளியிருக்கிறான். ஆயினும் ப்ரபந்நனுக்கு இக்கேள்வியின் விடை இத்திவ்ய தேசத்திலேயே கிடைத்திருக்கிறது. இளையாழ்வாரின் ஐயங்களைத் திருக்கச்சி நம்பிகள் ஆலவட்டக் கைங்கர்யத்தின்போது விண்ணப்பிக்க, பேரருளாளன் ஆறு வார்த்தைகளை அருளிச்செய்தான். சரணம் புகுந்தவனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டுவதில்லை என்பது அவற்றுள் ஒன்று. வராஹப் பெருமாளும் பூமிப் பிராட்டிக்கு இதையே வாக்களித்தான். உடலும் உள்ளமும் நன்றாயிருக்கும் காலத்தில் தன்னை நினைத்தவன், பின்னர் கட்டைபோல் உணர்வற்றுக் கிடக்கும்போது, தானே அவனை நினைத்து நற்கதிக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னான். நினைக்கும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்ட பின், அதன் பொருட்டு ஒரு கிழவரை வலியில் துடிக்கவிட நமக்கு என்ன அதிகாரம்? மேலும், எலும்பைக் குடையும் வலியில் நாவில் எழுவது "ஐயோ" என்பதேயன்றித் திருநாமமா?

மருந்தைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் ஆதாரமற்றது. வைத்தியர் அளந்து தரும் மார்பினை வாய்வழியாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி தலைதூக்குமுன்பே கொடுப்பது முறை. முதல் சில நாட்கள் உறக்கம் மிகும்; பின்னர் அது பெரும்பாலும் தெளியும். மலச்சிக்கல் மட்டும் விடாது, அதற்கு உடன் மருந்து தருவர். முறையாகக் கொடுத்தால் இது ஆயுளைக் குறைப்பதன்று. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இம்மருந்து பல ஆண்டுகள் நோயாளிகளுக்கு எட்டாமலிருந்தது; 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்பது மலையாள தேசத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் வேரூன்றி, வீடுவீடாகச் சென்று பார்க்கும் வழக்கமாக வளர்ந்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவை சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

மற்றவை இல்லத்தார் கையில். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் பெரிதும் தடுக்கப்படும். பசி அடங்கிய அந்திம காலத்தில் அன்னத்தை வற்புறுத்தி ஊட்டுவது அன்பாகாது. ஆறாத புண்ணில் நாற்றம் எழுந்தால், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து இடும் முறையை நர்ஸ் கற்றுத் தருவார். இந்த நாற்றத்தினாலேயே பேரப்பிள்ளைகளும் அறைக்குள் வராமற்போவதுண்டு.

இவ்விடத்தில் மாறனேரி நம்பியை நினைக்காமலிருக்க முடியவில்லை. தம் ஆசார்யரான ஆளவந்தாரின் ராஜபிளவை நோயை ப்ரஸாதமாகக் கேட்டு ஏற்று அநுபவித்தவர் அவர். தாழ்ந்த குலம் என்று ஊர் ஒதுக்கியவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியதும் பெரிய நம்பிகளே முன்னின்று ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். ஊரார் நம்பிகளை விலக்கிவைத்தனர். எம்பெருமானார் இதுபற்றி வினவியபோது நம்பிகள் திருப்பிக் கேட்டார்: ஜடாயுவுக்குச் சடங்கு செய்த ஸ்ரீராமனைவிட நான் பெரியவனா, அல்லது ஜடாயுவைவிட மாறனேரி நம்பி சிறியவரா? புண்ணும் சீழுமான ஓர் உடலை நம் பூர்வாசார்யர்கள் எவ்வாறு கண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

தீர்த்தம் பற்றி ஒன்று. விழுங்க இயலாதவர் வாயில் அதை ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துளஸீ தீர்த்தத்தில் நனைத்த துணியால் உதட்டை ஈரமாக்கினாற் போதும். செவி கடைசிவரை கேட்கக்கூடும் என்பர்; ஆகவே திருநாமத்தை நீங்கள் அவர் காதருகே மெல்லச் சொல்லுங்கள். உரக்க அழவேண்டாம்.

இன்று ப்ரஸாதத்துடன் ஊர் திரும்பும்போது, நோயாளியோடு இரவுபகலாகக் கிடக்கும் மருமகளோ மனைவியோ உங்கள் தெருவில் இருந்தால் அவ்வீட்டுக்கும் செல்லுங்கள். படுக்கையருகே நீங்கள் ஒரு பகல் அமர்ந்துகொள்ளுங்கள். ஏழாம் நாள் திருத்தேர். அதற்கு அந்த அம்மாள் வரட்டும்.