யாருடைய புண்ணியம்?

அகமதாபாத்தில் சபர்மதிக் கரை நடைபாதையில் மாலைக்கூட்டம் அலைமோதும். எதிரே தளும்புவது பெரும்பாலும் நர்மதைத் தண்ணீர். கால்வாயில் வந்து, வாஸ்ணா தடுப்பணையால் தேங்கி நிற்பது.

கண்ணால் கண்டாலே பாவம் தீர்க்கும் என்று பக்தர்கள் நம்பும் நதி நர்மதை. அது இன்னொரு நதியின் மடியில் கிடந்தால் புண்ணியம் யார் கணக்கில் சேரும்? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் அதன் அடியில் கனமான ஒன்று கிடக்கிறது: தூய்மை என்பது அழுக்கை நீக்குவதா, இடம் மாற்றுவதா?

இந்தக் கரையைச் சீரமைக்கவென்றே 1997இல் மாநகராட்சி தனி நிறுவனம் தொடங்கியது. இரு கரையிலும் சுமார் 11 கிலோமீட்டருக்குச் சுவர் எழுந்தது. ஆற்றில் விழுந்த சாக்கடைகளைக் குழாய்களில் மறித்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பினார்கள். மீட்ட நிலத்தில் பூங்கா, திடல், விற்பனை மனைகள். பழைய கட்டிலும் துருப்பிடித்த சுத்தியலும் விற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் இடம் உண்டு. கரையோரக் குடிசைவாசிகளோ ஆயிரக்கணக்கில் நகரின் விளிம்புக்குப் போனார்கள்.

1917இல் காந்தியின் ஆசிரமம் வந்து சேர்ந்ததும் இதே கரைக்குத்தான். அங்கே கழிப்பறையை ஆசிரமவாசிகளே சுத்தம் செய்தார்கள். அழுக்கை அடுத்தவர் தலையில் கட்டாத சமயம் அது.

இன்றோ, தடுப்பணைக்குக் கீழே ஆறு கறுக்கிறது. கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலப்பதைக் கண்டு, 2021இல் குஜராத் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது.