அடியில் இருப்பது

வாப்பா விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் கார் எங்கள் வளவுக் கொட்டிலில் நெடுங்காலம் துருப்பிடித்துக் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களுக்கும் கிராக்கி வந்தது. திருத்தி விற்றால் மகளின் படிப்புச் செலவுக்கு உதவுமென்று எண்ணி, 2021 இன் இறுதியில் ஊரிலுள்ள பெயின்ட் பாஸ் ஒருவரிடம் அதை ஒப்படைத்தேன். அவர் துருவைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்வரை உரசி, முன்பாதிக்கு எபொக்ஸி பிரைமர் அடித்தார். அத்தோடு டின் முடிந்தது. அடுத்த டின் வாங்கப் போனபோது நாட்டில் டொலர் இல்லை. 2022 முழுவதும் தேடியும் அந்தக் கம்பனியின் பிரைமர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது வேறு கம்பனியுடையது, அதுவும் எபொக்ஸிதான்.

“ரெண்டும் நல்ல சாமான்தான் சேர். ஆனா ஒண்டோட ஒண்டு ஒட்டுமா எண்டு எனக்குச் சொல்ல ஏலா. எல்லாத்தையும் உரசிப் போட்டுப் புதுசாத் தொடங்குவம்” என்றார் பாஸ்.

அவர் சொன்னதில் நியாயமிருந்தது. ஒரு கம்பனி, தன் பிரைமர் தன் ஹார்ட்னரோடும் தன் மேற்பூச்சோடும் சேரும் என்பதற்கே பொறுப்பேற்கும். அடுத்தவன் பூச்சின்மேல் அது நிற்குமா என்பதற்குப் பொறுப்பேற்காது. அதோடு எபொக்ஸி முற்றாக இறுகிவிட்டால், அதன்மேல் அடுத்த பூச்சுப் பிடிக்க அதை உரசிக் கீறல் போட்டாக வேண்டும். கதவுப் பிணைச்சல் மூலைகளில் உரசுதாள் சரியாகப் போகாது.

புதிதாகத் தொடங்க என்னிடம் பணமில்லை. “சமாளியுங்க காக்கா” என்றேன். எட்டிய இடமெல்லாம் அவர் உரசினார். மேற்பூச்சு ஏறியதும் கார் கண்ணாடிபோல் மினுங்கியது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

வாங்க ஒருவர் வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. இதை நான் சொல்ல வேண்டுமா?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் அறிவோம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அது உண்மை, மழைக்கு அவர் பொறுப்பாளியல்ல. நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் நபியவர்களின் கேள்வி. டொலர் தட்டுப்பாடு எனக்குப் பெய்த மழை. பிரைமர் மாறியது என் குற்றமல்ல. அதை மினுக்கத்தின் அடியில் வைத்து விற்பதுதான் குற்றமாகும்.

ஆனால் என் மனம் ஒரு வாதத்தைக் கண்டுபிடித்தது. தானியத்தின் ஈரம் நிச்சயமானது. என்னிடமிருப்பதோ வெறும் ஐயம். பூச்சு இருபது வருடம் நிற்கவும்கூடும். நடக்காமலே போகக்கூடிய ஒன்றைச் சொல்லி ஏன் விலையைக் கெடுப்பது?

இந்த வாதத்தின் ஓட்டை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கார் கைமாறும்போது அந்த ஐயமும் அதனோடு கைமாறுகிறது. பூச்சுக் கொப்பளித்தால் செலவழிக்கப் போகிறவர் அவர். அப்படியானால் அந்த ஐயத்தை அறியும் உரிமையும் அவருடையதே. வாங்குபவர்தானே பார்த்து வாங்க வேண்டும் என்பார்கள். சில்லையும் என்ஜினையும் அவர் பார்க்கலாம். பூச்சின் அடியை எந்தக் கண்ணால் பார்ப்பார்? வாங்குபவரின் கண் எட்டாத இடத்தில்தான் விற்பவரின் வாய் திறக்க வேண்டும்.

சொன்னேன். அந்தத் தம்பி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “நல்ல மனிசன் சேர் நீங்க” என்றார். பின்னர் அவர் வரவில்லை.

கார் இன்னும் கொட்டிலில்தான் நிற்கிறது. மகளின் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். நாளை காலை இன்னொருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலாமவரிடம் உண்மை சொல்லும்போது அதன் விலை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். உண்மையான சோதனை நாளைக் காலைதான்.