மறைப்பது கருணையாகுமா?

நோயாளியிடமே அவரது நோயை மறைப்பது இன்று நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு ஷரீஅத்தின் தராசில் எவ்வளவு நிற்கும்?

ஊரப்பாக்கத்தில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்; கண்டறிந்தபோதே முதுகெலும்புவரை பரவியிருந்தது. அவருடைய மகன் என்னிடம் வந்து, "அத்தாவுக்குத் தெரிய வேண்டாம் ஹஜ்ரத்! சிறுநீர்ப் பையில் புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம். நீங்கள் துஆ மட்டும் செய்யுங்கள்" என்றார். நானும் இசைந்தேன்.

நலம் விசாரிக்கப் போனபோது பெரியவர், "இந்தக் குழாயை எடுத்ததும் விட்ட தொழுகைகளைக் களாச் செய்துவிடுவேன், கொடுக்கல் வாங்கலையும் தீர்த்துவிடுவேன்" என்றார். குழாய் இருந்தாலும் வக்து வந்தபின் உளூச் செய்து தொழலாம் என்ற சட்டத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "அப்படியானால் குழாய் நிரந்தரமா?" என்று கேட்டுவிடுவாரோ என்றஞ்சி வாய்மூடி இருந்துவிட்டேன். குழாய் எடுக்கப்படவேயில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு முன், கடன் இருந்தால் சொல்லும்படி அறிவித்தபோது இருவர் முன்வந்தனர். எவ்வளவு கடன் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது.

இந்நோயின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம். ஆண்களுக்குரிய ஹார்மோனே இந்நோய்க்கு உரம். அதைக் கட்டுப்படுத்தினால் நோய் அடங்கும் என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் கண்டு சொன்னார்; 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். முற்றிய நிலையில் இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே. ஊசியாலோ, விதைகளை அகற்றும் அறுவையாலோ ஹார்மோனை அடக்குகிறார்கள். பலருக்கு இதனால் சில ஆண்டுகள்கூடக் கிடைக்கின்றன. ஆனால் பரவிய நோய் வேரோடு போவது அரிது. ஆகவே அது அல்லாஹ் வழங்கும் தவணை. தவணை என்று அறியாதவர் அதை எவ்வாறு பயன்படுத்துவார்? தம் உடலில் செய்யப்படுவது இன்னதென்று அறியும் உரிமையும் அவருக்கு இல்லையா?

ஹஜ்ஜத்துல் விதாவின்போது ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்களிடம், தம் பொருளில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமம் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கே வரம்பு, அதுவும் அதிகமே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். "மவ்த்தைப் பற்றி இப்போது ஏன் பேச்சு?" என்று வாயடைக்கவில்லை. அதே வேளையில் ஷிஃபாவுக்கும் துஆச் செய்தார்கள்; இன்னும் வாழக்கூடும் என்ற நம்பிக்கையும் அளித்தார்கள். ஸஅது (ரலி) அவர்கள் பிழைத்தெழுந்து, பின்னர் காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள். வஸிய்யத் பேசினால் மரணம் விரைந்து வரும் என்பது வெறும் அச்சமே.

உமர் (ரலி) அவர்கள் குத்துண்டபோது, அருந்திய பால் காயத்தின் வழியே வெளியேறிற்று. முடிவு தெரிந்துவிட்டது. உடனே மகனார் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள்.

"உண்மையைச் சொன்னால் மனமுடைந்து போவாரே?" என்று கேட்கலாம். முகத்தில் அறைவதுபோல் சொல்லச் சொல்லவில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்பவரிடம் திணிக்காதீர்கள். கேட்பவரிடம் பொய் சொல்லாதீர்கள். வஸிய்யத்தை நினைவூட்டுவதற்கு நோய்ச் செய்தி தேவையுமில்லை. அது சுகமாக இருப்பவருக்கும் உரியதே.

உண்மையைச் சொல்லிவிட்டுக் கைவிடுவதும் கருணையன்று. எலும்புக்குப் பரவிய நோயின் வலி கொடியது. மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்ஃபினைப் 'போதை' என்று அஞ்சி மறுக்க வேண்டாம். நிர்ப்பந்தத்தில் அது மருந்து. அது நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கவே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. படுக்கையில் கிடப்போரை வீட்டிலேயே வந்து கவனிக்கும் சேவை, தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. வலி தணிந்தால்தான் நாவு கலிமாவுக்கும், மனம் தவ்பாவுக்கும் ஓய்வு பெறும்.

பெற்றோரின் கடைசி நாட்கள் நம் கையில் உள்ள அமானிதம். அவற்றை உரியவரிடமே ஒப்படைப்போமாக! அல்லாஹ் நம் அனைவருக்கும் ஈமானுடன் கூடிய நல்ல முடிவை அருள்வானாக! ஆமீன்.